எஃப்டிடிடி: 5 மி.மீ. கிரிட், 3 மி.மீ. கதவு இடுக்கு. சப்கிரிட் வெடிக்கிறது, என்ன செய்யலாம்?

மீனா_பொங்கோல்

வணக்கம். பத்து நாளாக ஒரே இடத்தில் நிற்கிறேன், அதனால் எல்லாவற்றையும் விவரமாகவே எழுதுகிறேன்.

எங்கள் வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) வீட்டில் இருக்கும் ஷெல்ட்டர் அறைதான் விஷயம், குண்டுவீச்சு வந்தால் ஒதுங்குவதற்காகத் தடித்த காங்கிரீட்டில் கட்டியது. அம்மாவுக்கு அது அரிசி மூட்டையும் தீபாவளி விளக்குப் பெட்டியும் வைக்கிற இடம். தம்பிக்கு இந்த வருடம் ஓ லெவல். வீட்டிலேயே சத்தமில்லாத இடம் அதுதான் என்று ஒரு மடக்கு மேசையைப் போட்டுக்கொண்டு, இரும்புக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்து படிக்கிறான். கதவு சாத்தியதும் வைஃபை போய்விடுகிறது. சுவரை இடிக்கவோ கதவை மாற்றவோ அனுமதி இல்லை. ரவுட்டரை எங்கே நகர்த்தினால் உள்ளே கொஞ்சமாவது எட்டும் என்று கணக்கிட்டுப் பார்க்க நினைத்தேன். பகுதிநேர முதுகலைப் படிப்புக்கு ஒரு புராஜெக்டும் தேவைப்பட்டது. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டேன்.

கணினிக் கோடு (நிரல்) முழுக்க நானே எழுதியது. முறை எஃப்டிடிடி: இடத்தைச் சின்னக் கட்டங்களாகவும் (கிரிட்) நேரத்தைச் சின்ன ஸ்டெப்புகளாகவும் வெட்டி, அலை நகர்வதைக் கணக்கிடுவது. கேன் யீ 1966-இல் கொடுத்த அதே முறை: மின்புலமும் காந்தப்புலமும் அரைக் கட்டம் தள்ளித் தள்ளி, மாறி மாறி. சுற்றிலும் பிஎம்எல், அதாவது வெளியே போகும் அலையைத் திருப்பி அனுப்பாமல் விழுங்கும் அடுக்கு. அறையும் அதைச் சுற்றியுள்ள இடமும் சேர்த்து 3 மீ. × 2.5 மீ. × 2.8 மீ. அலைவெண் 2.45 கிகாஹெர்ட்ஸ். காங்கிரீட்டுக்குள் அலைநீளம் சுமார் 53 மி.மீ., ஆகவே 5 மி.மீ. கட்டம் போட்டால் அலைநீளத்துக்குப் பத்துக்கு மேல் வருகிறது. மொத்தம் 16.8 கோடிக் கட்டங்கள், புலங்களுக்கு மட்டும் 4 ஜிபி. சிம் லிம்மில் வாங்கிய 12 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டில் 25,000 ஸ்டெப் ஓட 47 நிமிடம் ஆகிறது. இதுவரை சரி.

பிரச்சினை கதவில். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் ரப்பர் பட்டை இருக்கிறது, இரும்பும் இரும்பும் தொடவில்லை. ஃபீலர் கேஜ் வைத்து அளந்தேன்: கீழே 3 மி.மீ., பக்கங்களிலும் ஏறக்குறைய அதேதான். என் கட்டமோ 5 மி.மீ. இடுக்கை மூடிவிட்டால் உள்ளே சிக்னல் 34 டெசிபல் குறைகிறது. ஒரு கட்டம் திறந்து விட்டால், அதாவது 5 மி.மீ. இடுக்கு என்று வைத்தால், 19 டெசிபல்தான் குறைகிறது. கைபேசியை வைத்து அளந்தபோது கிடைத்தது 26. உண்மை நடுவில் எங்கோ இருக்கிறது, என் கிரிட்டால் அதைக் காட்ட முடியவில்லை.

முழு இடத்தையும் 1 மி.மீ. ஆக்கினால் கட்டங்கள் 125 மடங்கு, ஸ்டெப்புகள் 5 மடங்கு. 504 ஜிபி நினைவகமும் இருபது நாளும் வேண்டும். அதனால் கதவைச் சுற்றி மட்டும் 3:1 சப்கிரிட் எழுதினேன், அதாவது பெரிய கட்டத்தின் ஒரு பக்கத்துக்கு மூன்று சின்னக் கட்டம். முதல் சில ஆயிரம் ஸ்டெப் அழகாகப் போகிறது, 18,000 பக்கம் வந்ததும் எண்கள் கன்னாபின்னாவென்று ஏறி வெடிக்கிறது. டைம் ஸ்டெப்பைப் பாதியாக்கினேன், 31,000 வரை தாங்கியது, பிறகு அதே கதைதான். எல்லையில் நடு மதிப்புகளை நிரப்பும் இடைக்கணிப்பை நேர்கோட்டிலிருந்து இருபடிக்கு மாற்றினேன், இன்னும் சீக்கிரமாக வெடித்தது.

எங்கே தப்பு செய்கிறேன்? இப்படிச் செய்து ஜெயித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

விக்னேஷ்_கிளமெண்டி

அக்கா, டைம் ஸ்டெப்பைக் குறைத்தும் வெடிப்பு நிற்காமல் தள்ளிப்போக மட்டும் செய்தது என்றால், கூரான்ட் நிபந்தனை (கட்டம் சிறுத்தால் டைம் ஸ்டெப்பும் சிறுக்க வேண்டும் என்ற வரம்பு) குற்றவாளி இல்லை. சப்கிரிட் எல்லையில் நீங்கள் செய்யும் கொடுக்கல் வாங்கல்தான்.

பெரிய கட்டத்திலிருந்து சின்னக் கட்டத்துக்கு மின்புலத்தை இடைக்கணிப்பில் கொடுக்கிறீர்கள். திரும்பி வரும்போது சின்னக் கட்டத்தின் காந்தப்புலத்தைச் சராசரி எடுத்துப் பெரியதற்குக் கொடுக்கிறீர்கள். இந்த இரண்டு வேலைகளின் எடைகளும் ஒன்றுக்கொன்று டிரான்ஸ்போஸாக (வரிசையும் நெடுவரிசையும் இடம் மாறிய அதே மேட்ரிக்ஸாக) இருக்க வேண்டும். போகும்போது ஒரு எடை, வரும்போது வேறு எடை என்றால் எல்லை ஒவ்வொரு ஸ்டெப்பிலும் துளி ஆற்றலை உண்டாக்கும். இடைக்கணிப்பு எவ்வளவு மென்மையாக இருந்தாலும் இது மாறாது. நீங்கள் இருபடிக்கு மாற்றியபோது ஒரு பக்கத்தை மட்டும் மாற்றியிருப்பீர்கள், சமச்சீர் இன்னும் கெட்டிருக்கும்.

சோதிக்க ஒரு வழி. காங்கிரீட், பிஎம்எல் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். இழப்பே இல்லாத ஒரு சின்ன உலோகப் பெட்டி, பக்கத்துக்கு ஆறு கட்டம், நடுவில் சப்கிரிட். ஒரே ஒரு புலத்துக்கு 1 கொடுத்து, மற்றதெல்லாம் 0 வைத்து, ஒரு ஸ்டெப் ஓட்டினால் மேட்ரிக்ஸின் ஒரு நெடுவரிசை கிடைக்கும். எல்லாப் புலங்களுக்கும் இப்படிச் செய்து, ஒரு ஸ்டெப்பில் புலம் எத்தனை மடங்காகிறது என்று காட்டும் ஐகன் மதிப்புகளை எடுங்கள். அத்தனையும் 1 ஆரமுள்ள வட்டத்தின் மேலேயே இருக்க வேண்டும். ஏதாவது ஒன்று 1.002 என்று வெளியே நின்றாலும் போதும்: அதை 18,000 தடவை பெருக்கினால் 4-க்குப் பக்கத்தில் 15 சுழியம். ஒற்றைத் துல்லிய (32 பிட்) எண்களை முழுமையாக்கும்போது வரும் சிறு பிழையே அதற்கு விதை.

இன்னொன்று: கதவைச் சுற்றி டெட்ராஹெட்ரன் (நான்முகி) போட்டு, இடத்தை ஒழுங்கற்ற துண்டுகளாக வெட்டும் இன்னொரு முறையான எஃப்இஎம்மில் தானாகச் சிறிதாக்கும் மெஷ் வைத்துப் பார்க்கலாமா என்றும் யோசித்தேன். ஆனால் உங்கள் அறை 24 அலைநீளம், வீட்டுக் கணினி தாங்காது.

ஜூரோங்_சேகர்

மீனா, விக்னேஷ் சொன்ன ஐகன் சோதனை நல்ல சோதனை, செய்து பாருங்கள். ஆனால் உங்கள் வேலைக்குச் சப்கிரிட்டே வேண்டாம் என்பது என் கருத்து. இருபது வருடம் ஷீல்டு போட்ட அறைகளில் கசிவு தேடியவன் நான். கதவு இடுக்கு எனக்குப் பழைய பங்காளி.

முதலில் உங்கள் இடுக்கைப் பாருங்கள். அது நேர்கோடு. தரைக்கு இணையாகப் போகிறது, உங்கள் கிரிட்டும் அப்படியே போகிறது. வளைவு இல்லை, சாய்வு இல்லை. அப்படியிருக்க ஒரு தனிப் பெட்டியை உள்ளே நட்டு அதற்கு எல்லைக் காவல் வைப்பானேன்? செங்குத்துத் திசையில் கோடுகளை மட்டும் நெருக்குங்கள். யீயின் கிரிட் சமமாக இருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

இடுக்குக்குள் 1 மி.மீ. வீதம் மூன்று கட்டம். வெளியே போகப் போக 1.3, 1.7, 2.2, 2.9, 3.7, அப்புறம் 5. பக்கத்துக் கட்டத்தைவிட ஏறக்குறைய 1.3 மடங்குக்கு மேல் தாண்டாதீர்கள், தாண்டினால் அந்த இடத்திலிருந்து பொய் எதிரொலி வரும். இப்படிச் செய்தால் செங்குத்தாக இருக்கும் உங்கள் 560 கட்டங்களில் எட்டுதான் கூடும். நூற்றுக்கு ஒன்றரை! நினைவகம் பற்றிய பேச்சே இல்லை.

சமமில்லாத கிரிட்டில் துல்லியம் முதல் படிக்கு (கட்டம் பாதியானால் பிழையும் பாதிதான்) இறங்கிவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். ஒவ்வொரு இடத்திலும் தனியாகப் பார்த்தால் அது உண்மைதான். ஆனால் பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, மொத்த விடை இரண்டாம் படியிலேயே (கட்டம் பாதியானால் பிழை நான்கில் ஒன்று) நிற்கிறது. மங்க், சூலி என்ற கணிதவியலாளர்கள் 1994-இல் இதை நிரூபித்துவிட்டார்கள்.

டைம் ஸ்டெப் பற்றி. 1 மி.மீ. வந்ததும் ஸ்டெப் ஐந்து மடங்கு சிறுத்துவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று திசையும் சிறுத்தால்தான் அப்படி. கூரான்ட் சூத்திரத்தில் மூன்று திசைகளும் கூட்டாக வருகின்றன. இரண்டு திசை 5, ஒரு திசை மட்டும் 1 என்று போட்டுப் பாருங்கள்: 9.63 பிக்கோ செகண்ட் 3.21 ஆகும். சரியாக மூன்று மடங்கு. உங்கள் 47 நிமிடம் இரண்டரை மணி நேரம் ஆகும், அவ்வளவுதான். ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஓட விட்டால் படுக்கப் போகுமுன் விடை வந்துவிடும்.

சரி, எந்த இடுக்கை நெருக்குவது? நான்கையும் அல்ல. இதில்தான் பலர் கணினியை வீணடிக்கிறார்கள். குறுகிய இடுக்கு வழியாக அலை போவதற்கு மின்புலம் இடுக்குக்குக் குறுக்கே நிற்க வேண்டும். அப்படி நின்றால் எவ்வளவு குறுகலாக இருந்தாலும் வெட்டு அலைவெண் (அதற்குக் கீழே அலை நுழையாது என்ற எல்லை) என்று ஒன்று கிடையாது, போய்க்கொண்டே இருக்கும். மின்புலம் இடுக்கின் நீளவாக்கில் இருந்தாலோ, 3 மி.மீ. இடுக்கில் ஒவ்வொரு மி.மீ.க்கும் 9 டெசிபல் வீதம் செத்துப்போகும். உங்கள் ரவுட்டர் ஆன்டெனா நிமிர்ந்து நிற்கிறது, புலம் செங்குத்து. அப்படியானால் வில்லன் கதவின் கீழ் இடுக்கும் மேல் இடுக்கும். பக்கவாட்டு இடுக்குகளை முதலில் மூடிவிட்டே ஓட்டுங்கள். கடைசியில் ஒரு தடவை திறந்து, எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள்.

நீங்கள் எழுதாத ஒரு அளவு எனக்கு வேண்டும்: இடுக்கின் ஆழம். கதவும் சட்டமும் எத்தனை மி.மீ. ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கின்றன? 2.45-இல் காற்றில் அரை அலைநீளம் 61 மி.மீ. இரண்டு முனைகளிலும் புலம் வெளியே வழிவதால் இடுக்கு தன் அளவைவிட நீளமாகவே அலைக்குத் தெரியும். ஆகவே 50-ஐ ஒட்டி இருந்தாலே அது புல்லாங்குழல் மாதிரி ஒத்ததிர ஆரம்பிக்கும், கசிவு பல மடங்காகும். ரப்பர் உள்ளே இருந்தால் இன்னும் குறைந்த ஆழத்திலேயே அது நடக்கும். ரப்பரை மாடலில் வைத்தீர்களா? நான் பார்த்த ஒரு அறையில் கதவைப் பத்து மி.மீ. தள்ளிப் பொருத்தியதாலேயே கசிவு கூடிவிட்டது. இடுக்கின் அகலத்தை மட்டும் மாற்றி மாற்றிப் பார்த்து மூன்று நாள் போயிற்று எங்களுக்கு.

முப்பரிமாணத்துக்குப் போகுமுன் இரு பரிமாணத்தில் இடுக்கை மட்டும் வெட்டி எடுங்கள். 40 செ.மீ. சதுரம், 0.25 மி.மீ. கட்டம். 25 லட்சம் கட்டம்தான், மடிக்கணினியிலேயே சில நிமிடம். ஆழத்தை 30-இலிருந்து 70 வரை மாற்றி ஒரு வரைபடம் போடுங்கள். உங்கள் கதவு அந்த வளைவில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்தால், முப்பரிமாணத்தில் எதை நெருக்க வேண்டும் என்று கிரிட் தானே சொல்லும்.

சுவருக்குள் இருக்கும் கம்பிகளுக்காகக் கட்டத்தைச் சிறிதாக்காதீர்கள். கம்பிகளின் இடைவெளி உங்கள் அலைநீளத்தைவிடப் பெரியது, அலை நடுவில் நுழைந்துவிடும். குறுக்கே இரண்டு கட்டம் போதும்.

நூர்ஜஹான்_தெம்பனிஸ்

கணக்கு பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, அளவு பற்றி ஒன்று. மீனா, அந்த 26 டெசிபல் எத்தனை இடத்தில் எடுத்தது? மூடிய அறைக்குள் அலை முன்னும் பின்னும் மோதி நிற்கும். கைபேசியை 6 செ.மீ. நகர்த்தினால் உச்சியிலிருந்து உச்சிக்கே போய்விடுவீர்கள், நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். ஒரே இடத்தில் எடுத்த எண்ணோடு சிமுலேஷனை ஒப்பிட்டுக் கிரிட்டைக் குற்றம் சொல்லாதீர்கள். குறைந்தது பதினைந்து இடம், கையில் பிடிக்காமல் ஒரு அட்டைப் பெட்டியின் மேல் வைத்து எடுங்கள். சராசரி எடுக்கும்போது டெசிபல்லைக் கூட்டாதீர்கள், வாட்டாக மாற்றிக் கூட்டுங்கள். ரவுட்டரை அந்த நேரம் ஒரே சானலில் பூட்டி வையுங்கள்.

மீனா_பொங்கோல்

மூன்று பேருக்கும் நன்றி. ஐந்து இரவு ஓட்டிவிட்டு வருகிறேன்.

விக்னேஷ், உன் ஊகம் சரி. பெட்டிச் சோதனையில் நான்கு ஐகன் மதிப்புகள் வட்டத்துக்கு வெளியே நின்றன. சராசரி எடுக்கும் இடத்தில் மூலைக் கட்டங்களுக்கு மூன்றில் ஒரு பங்கு எடை கொடுக்க வேண்டிய நான், முழு எடை கொடுத்திருந்தேன். டிரான்ஸ்போஸை அப்படியே எடுத்துப் போட்டதும் எல்லாம் வட்டத்தின் மேல் வந்து நின்றன. ஒரு லட்சம் ஸ்டெப் ஓட்டினேன், ஆற்றல் கோடு தட்டையாகவே இருக்கிறது. அதைப் பார்த்தபோது கிடைத்த நிம்மதியை எழுத வார்த்தை இல்லை. ஆனாலும் சேகர் அண்ணன் சொன்னபடி சப்கிரிட்டை ஓரமாக வைத்துவிட்டேன்.

ஆழம் அளந்தேன் அண்ணா: 45 மி.மீ., அதில் 15 மி.மீ. ரப்பர். ரப்பரை மாடலில் வைக்கவே இல்லை. இரு பரிமாண வரைபடத்தில் ரப்பர் இல்லாமல் என் கதவு மலையின் அடிவாரத்தில் இருந்தது, ரப்பர் வைத்ததும் பாதி மலை ஏறிவிட்டது. பத்து நாள் அகலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வளைவு செங்குத்தாக ஏறும் இடம் என்பதால், இடுக்கின் வாய் இருக்கும் இடத்தில் ஆழவாக்கிலும் கோடுகளை நெருக்கினேன்.

முப்பரிமாண விடைகள், பக்க இடுக்குகளை மூடி வைத்து: நெருக்கிய இடத்தில் கட்டம் 3 மி.மீ. என்றால் 24.1 டெசிபல் குறைவு. 1.5 மி.மீ. என்றால் 25.6. 0.75 மி.மீ. என்றால் 26.2. கடைசி ஓட்டத்துக்கு நாலரை மணி நேரம் ஆயிற்று. வித்தியாசம் 1.5, பிறகு 0.6. பாதியாக்கும்போது பிழை நான்கில் ஒன்றாகும் என்று எதிர்பார்த்தேன், இரண்டரையில் ஒன்றாகத்தான் குறைகிறது. இது என் கோடில் தப்பா?

அளவையும் மறுபடி எடுத்தேன், நூர்ஜஹான் அக்கா. பதினாறு இடம். உச்சிக்கும் பள்ளத்துக்கும் 9 டெசிபல் வித்தியாசம் இருந்தது. சராசரி 23.5. பழைய 26 ஒரு பள்ளத்தில் எடுத்தது.

ஜூரோங்_சேகர்

தப்பு இல்லை. உலோகத்தின் மூலையில் புலம் கூராக ஏறும், யீ கிரிட் அந்தக் கூரைப் பிடிக்காது. மெல்லிய தகட்டின் விளிம்பு என்றால் கட்டத்தைப் பாதியாக்கும்போது பிழை பாதியாகும். உங்களுடையது 90 டிகிரி மூலை, அதற்கு இரண்டரையில் ஒன்று என்பதுதான் கணக்கு. உங்கள் கோடு சரியாக ஓடுகிறது என்பதற்கு இதுவே சாட்சி.

வீதம் தெரிந்துவிட்டதால் 0.4 மி.மீ. ஓட்ட வேண்டாம். மீதி வித்தியாசங்களை அதே வீதத்தில் கூட்டிக்கொண்டே போனால் 0.6-ஐ 1.5-ஆல் வகுத்த தொகை, அதாவது 0.4. ஆக 26.6-இல் போய் நிற்கும். இனி பக்க இடுக்கைத் திறந்து 1.5 மி.மீ. கட்டத்தில் ஒரு ஓட்டம், அதில் வரும் மாற்றத்தை மட்டும் இதிலிருந்து கழியுங்கள்.

காங்கிரீட்டுக்கு என்ன கடத்துதிறன் வைத்தீர்கள்?

மீனா_பொங்கோல்

பக்கம் திறந்ததும் 0.8 குறைந்தது, ஆக 25.8. அளவு 23.5. இன்னும் 2.3 டெசிபல் இடிக்கிறது.

கடத்துதிறன் ஐடியூ (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) வெளியிட்ட பி.2040 பரிந்துரையின் புதிய பதிப்பிலிருந்து எடுத்தது, 2.45-க்கு 0.093 சீமன்ஸ்/மீட்டர் வருகிறது. நீங்கள் கேட்ட பிறகு பழைய பதிப்பின் சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தேன், 0.067. என் 300 மி.மீ. சுவருக்கு முதலாவது 20 டெசிபல் விழுங்குகிறது, இரண்டாவது 14. நான் பத்து நாள் ராத்திரி கண்விழித்துத் தேடிய கிரிட் பிழை 0.4 டெசிபல், காங்கிரீட்டின் ஒரு எண் மட்டும் 6 டெசிபல்! சுவர் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து அது இன்னும் மாறுமே.

ஆகவே கிரிட்டை இத்தோடு விட்டுவிட்டேன். 1.5 மி.மீ. கட்டத்தை வைத்துக்கொண்டு, கடத்துதிறனை 0.06-இலிருந்து 0.1 வரை ஐந்து மதிப்புகளில் ஓட்டப் போகிறேன். அப்புறம் ரவுட்டரை மூன்று இடங்களில் வைத்துப் பார்ப்பது.

ஒரு விஷயம் ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டேன். ரவுட்டரைத் தொலைக்காட்சி மேசையிலிருந்து இறக்கி, ஷெல்ட்டர் கதவுக்கு எதிரே தரையை ஒட்டி, ஆன்டெனாவை நிமிர்த்தி வைத்தேன். கீழ் இடுக்குக்கு நேராக. தம்பி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயிருந்து இரண்டு கோடு வருகிறது என்று கத்தினான்.

சேகர் அண்ணா, மேல் இடுக்குக்கும் கீழ் இடுக்குக்கும் நடுவில் கிரிட் கட்டத்தின் அளவு வேறுபட்டால், இரண்டு வழியாகவும் நுழையும் அலைகள் அறைக்குள் சரியாகச் சேருமா என்று ஒரு சந்தேகம் இருக்கிறது. இப்போது கீழே மட்டும்தான் நெருக்கியிருக்கிறேன், மேலே ஒரே கட்டம், 3 மி.மீ. இன்றிரவு இரண்டையும் ஒன்றுபோல் வைத்து ஓட்டிவிட்டு நாளை எழுதுகிறேன்.